மூன்று முறை கொன்றும் எழுந்தது

சக்குபள்ளத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“மூணு தடவ கொன்னுட்டேன்க்கா. அஞ்சே செகண்டுல எந்திரிச்சிருது,” என்றாள் இளையவள்.

“எதைடி?” என்று மூத்தவள் திடுக்கிட்டாள்.

“நம்ம ஏலக்கா ஸ்டோர் லினக்ஸ் கம்ப்யூட்டர்ல, கண்ணுக்குத் தெரியாம பின்னால ஓடுற ஒரு புரோகிராம், சர்வீஸ்னு சொல்வாங்க. கொன்னா தானா எந்திரிக்கணும்னு, சர்வீசையெல்லாம் ஓட்டுற சிஸ்டம்டில எழுதி வச்சிருக்காங்க. காய் பொறுக்குற எடத்துல நாம பேசுறதெல்லாம் மைக் வழியா அதுல பதிவாகுது.”

“யாரு வச்சது?”

“தெரியல. மத்தியானம் அதை நிறுத்தி, மறுபடி ஓடாதபடி டிசேபிளும் பண்ணிட்டேன். யார்ட்டயும் சொல்லல. பத்து நிமிசத்துல மேனேஜர் போன் போட்டு, கம்ப்யூட்டர்ல எதையும் தொட்டியான்னு கேக்குறாரு.”

மூத்தவள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“யூனியன்ல சேரணும்னு போன வாரம் அங்க வச்சுத்தானடி எல்லார்ட்டயும் பேசுனேன்.”