பெருமாளுக்கென்று வாங்கிய சாமந்தி

என் பெயர் அற்புதசாமி, வயது 52, த/பெ. சூசைமாணிக்கம், பாலக்கரை, திருச்சி. தில்லைநகரில் உள்ள ஓர் உணவகத்தில் எட்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரராக இருக்கிறேன். இன்று பகல் 2.50 மணிக்கு ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் நஜிமுதீன் முன்பு இதைச் சொல்கிறேன். வார்டுக்கு ஓடிய என்னை அவர் நிறுத்தினார். நான் உளறியது விளங்காததால் பெயர், வயது, விலாசத்திலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார்.

எங்கள் உணவகத்தில் எந்தத் தட்டும் மொட்டையாகப் போகாது. நாங்களே முளைக்கவிட்ட கடுகு, முள்ளங்கிக் குட்டிக்கீரையும், தின்கிற பூவும் மேலே வைத்து அனுப்புவோம். அதை வைக்கும் பெண் ஜென்சி, வயது 24. வைக்கும் முன் எல்லாவற்றையும் தின்று பார்ப்பாள். வருகிறவர்கள் பூவைப் படம் பிடித்துவிட்டு ஓரமாகத் தள்ளுவார்கள். நானும் இதுவரை ஒரு பூ தின்றதில்லை. வீட்டில் எனக்குப் பழைய சோறும் கருவாடும்தான். தின்கிற ஒரே ஆள் அவள் என்பதால் "ஆடு" என்று பெயர் வைத்தேன். பிறகு கிச்சன் முழுக்க அப்படியே கூப்பிட்டது.

இன்று மதியம் நாற்பது பேருக்கு விருந்து. வழக்கமாகக் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வரும் தின்கிற பூப்பெட்டி வரவில்லை. அதன் பிறகு காலை 8 மணிக்கு ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்குப் போனேன். முகூர்த்த நாள். பொன்னுத்தாய் கடையில் மிஞ்சியிருந்த ஒரு கூடைச் சாமந்தியும் கோயிலுக்கென்று எடுத்து வைத்தது. நான் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, "பெருமாளுக்குத்தாங்க கேக்குறேன்" என்றேன். கொடுத்தார். சமையல்காரன் புத்தி, ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.

"அய்யய்யோ, சாமிக்குப் போற பூவ மோந்து பாக்கலாமா? கீழ வைங்க!"

பெருமாள் பெயரைச் சொல்லி வாங்கியவன் எப்படி மோந்து பார்ப்பது? வைத்துவிட்டேன். மோந்திருந்தால் பூச்சிமருந்து வாடை தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை தண்ணீரில் அலசி ஜென்சியிடம் கொடுத்தேன். 11.30 மணிக்கு அவள் ஐந்தாறு பூ தின்று, "கசக்குது சார்" என்றாள். நான், "ஆட்டுக்கு என்னடி கசப்பு" என்றேன். தட்டுகள் வெளியே போகுமுன் வாந்தி எடுத்து, வாயில் எச்சில் வழிய விழுந்தாள். பூ முழுவதையும் ஒதுக்கிவிட்டு ஆட்டோவில் இங்கே தூக்கி வந்தோம். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். பூ என்று சொல்லப் பயந்து, "போன வாரம் போன்ல அழுதா, ஏதோ பையன் விசயம் போல" என்றேன். அந்தக் கதையை ஏற்கெனவே கிச்சனில் பரப்பியிருந்ததும் நான்தான். உடனே அவள் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தேடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

அதன் பிறகு மறுபடியும் ஸ்ரீரங்கம் போய்ப் பொன்னுத்தாயிடம் உண்மையைச் சொன்னேன். "திங்கவா வாங்குனீங்க? நேத்து சாயந்தரம் மருந்தடிச்ச பூவுங்க அது! சாமி என்ன வாயிலயா போட்டுக்கிறாரு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். முசிறித் தோட்டக்காரருக்குப் போன் போட்டு, மருந்து பாட்டிலின் படத்தை என் போனுக்கு வாங்கித் தந்ததும் அவரே. பொன்னுத்தாய்மேல் தப்பில்லை.

இந்த இடம் வந்ததும் தலைமைக் காவலர் பேனாவைப் போட்டுவிட்டு, என் போனை ஒரு காவலரிடம் கொடுத்து மேலே வார்டு டாக்டரிடம் ஓடச் சொன்னார். அப்போது மணி 3.05.

அதன் பிறகு 3.30 மணிக்கு ஜென்சியின் அம்மா லூர்துராணி இறங்கி வந்தார். "மாத்து மருந்து ஏத்துறாங்க. கண்ணு இன்னும் முழிக்கல" என்றார். நான் எழுந்து நின்றேன். "போன்ல அழுதது எங்கிட்டதான் சார். எல்லாரும் ஆடுன்னு கூப்பிடுறாங்கம்மான்னு அழுதா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். தலைமைக் காவலர் இதையும் எழுதவா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இன்று பூக்கடையில் ஒரு பொய், டாக்டரிடம் ஒரு பொய் சொன்னேன். இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) சூ. அற்புதசாமி