உப்புச் சாக்கில் வந்த உமிச்சாம்பல்

முப்பத்தோராண்டு மண்ணைக் குழைத்து, மழையைக் கணித்து, மனிதரை மதித்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் கலவைப் பகுதி மேற்பார்வையாளரே! மதிப்புக்குரிய அத்தாஉல்லா நானா அவர்களே!

உங்கள் நேரந்தவறாமையும் கைச்சுத்தமும் ஊரறிந்தவை. அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை. இந்தச் செங்கற்சாலைக்குப் பிந்தி வந்தவர்கள் அறியாத ஒன்றை மட்டும் சபையறியச் சொல்கிறோம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், களிமண்ணில் உமிச்சாம்பல் கலந்தால் கல்லின் பாரம் குறையும், காயும்போது வெடிக்காது என்று சொன்னவர் சூளைக்காரர் அலியார். நெல் ஆலைகளில் குவிந்து கிடந்த சாம்பலை அள்ளிக் கட்டி ஏற்றி வந்தவர் நானா. முதற் சூளை நன்றாகவே வெந்தது. பிறகு ஒரு மழை பெய்தது. ஈரம் உலர்ந்தபோது அத்தனை கல்லிலும் வெள்ளை பூத்திருந்தது.

முதலாளி ஒரு கல்லை நகத்தால் சுரண்டினார்.

"அலியார், இது கல்லா, கருவாடா? உங்கட சாம்பலோட நீங்களும் வீட்ட போங்க."

கருவாடு என்ற சொல் நானாவுக்குத்தான் உறைத்தது. கொட்டிலுக்குப் போய், மிஞ்சிக் கிடந்த சாம்பலில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். கரித்தது. ஆலைச் சாம்பல் கரிக்க நியாயமில்லை. சாக்கை உதறினார், உப்புக் கல் உதிர்ந்தது. புத்தளத்தில் பழஞ்சாக்கு என்றால் உப்பளத்துச் சாக்குதான். அதைக் கழுவாமல் நிரப்பியது அவரே.

கொட்டிலில் வேறு யாரும் இல்லை. சாக்கைச் சூளையில் எறிந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. நானா அதைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் நடந்தார்.

"சாம்பல்ல பிழையில்ல, முதலாளி. சாக்கு என்ட வேலை. போறதெண்டா நான் போறன்."

"நக்கியா பாத்தீங்க?"

"ஓம். நீங்களும் பாருங்க."

முதலாளி பார்த்தார், துப்பினார். "ரெண்டு பேரும் சேந்து இன்னொரு சூளை போடுங்க. சாக்கைக் கழுவிப் போட்டு!"

அந்த இரண்டாம் சூளைக் கல் மூன்று மழை கண்டும் பூக்கவில்லை. இன்று சாம்பல் சேராத கல் இங்கே வார்க்கப்படுவதில்லை.

அதன்பின் அலியார் ஒன்பது வருடம், கண்மூடி வபாத்தாகும் வரை, இந்தச் சூளைக்காரராகவே இருந்தார். தலை குனியாமல் வேலைக்கு வந்து, தலை குனியாமல் வீடு திரும்பினார். நானா, அந்த ஒன்பது வருடமும் நீங்கள் கொடுத்தவை.

அல்லாஹ் உங்களுக்கு நோயற்ற உடலையும் நீண்ட ஆயுளையும் தரட்டும்!

அன்புடன்,
செங்கற்சாலை ஊழியர்கள்

எழுதியவர்: மர்ஹூம் அலியாரின் மனைவி ஸபீனா, அலுவலகப் பிரிவு