நான் விசாரணையில் சொல்லாத மலை

“படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

என் கணவர் தேவன் கத்துகிறார். விழுந்து படுக்கிறேன். கல் நெற்றியைக் கிழிக்கிறது. ஒரு வெடி. இன்னொன்று. பிறகு விடாமல் அடிக்கிறார்கள். எந்த நாட்டுக் காவலர் என்று தெரியாது. 2007, மாசி மாதம். பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் நடுவே ஒரு மலை. ஏறத் தொடங்கி மூன்றாம் நாள். காலை.

வன்னியில் ஷெல் வந்தால் பதுங்குகுழி இருந்தது. இங்கே தோண்ட மண்ணே இல்லை. கறுப்புக் கல். ஒளிய ஒரு பற்றைகூட இல்லை. கிழக்கே உப்புப் பூத்த பாலைவனம். அதிலிருந்து மலை மூன்று முகடுகளாக எழும்புகிறது. மூன்றாவதுதான் எல்லை. அதற்கு மேற்கே செங்குத்துச் சரிவு. அடியில் ஒரு ஆறு. தண்ணீர் ஓடிய தடம் மட்டும் உண்டு. நாங்கள் மூன்றாவது முகட்டில் அகப்பட்டோம். எங்கிருந்து பார்த்தாலும் எங்கள் தலைகள் தெரியும்.

“ஓடு! நிக்காதை, ஓடு!” தேவன்தான்.

ஓடினேன். சறுக்கினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. நான் திரும்பிப் போகவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. போகவில்லை.

ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்து சேர ஐந்து மாதம். காசு வாங்கி எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்திருந்தான். வழியைச் சொன்னால் வந்த வழியே திருப்பி அனுப்புவார்களாம். விமானத்தில் வந்தேன், தனியே வந்தேன், கணவர் கொழும்பில். அகதி விசாரணையில் அப்படியே ஒப்புவித்தேன். பயந்தாங்கொள்ளி நான். கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த வருடம் டெர்மின் எடுத்து, சந்திக்க நாள் குறித்துக்கொண்டு, என்னை விசாரித்த அதே அலுவலகத்துக்குப் போனேன். அவரைத் தேடச் சொல்ல வேண்டும். எலும்பாவது வேண்டும். மலையைத் தாளில் கீறிக்கொண்டு போனேன். முகடு, சரிவு, ஆறு, அவர் விழுந்த இடம். அதிகாரி படத்தைத் தொடவில்லை. கோப்பைப் புரட்டி வாசித்தார். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நீங்கள் பிளேனிலை வந்ததெண்டெல்லே எழுதிக் கிடக்கு. இப்ப மாத்திச் சொன்னால் உங்கடை கேஸும் போயிடும். என்ன சொல்லட்டும்?”

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். படத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டாம் தடவையும் அவரை விட்டுவிட்டு வந்தேன்.

ஏறியவர்கள் ஏழு பேர். இறங்கியவர்கள் நாலு பேர். அங்கே கிடப்பவர்கள்: பருத்தித்துறை வாத்தியார் ஒருவர். நான் பெயர் கேட்காமல் போன முல்லைத்தீவுப் பெண். என் கணவர் தேவன், வயது முப்பத்து நாலு. கோப்பில் அவர் இன்னும் கொழும்பில் இருக்கிறார்.