தொடாத பணம்

அந்த முதுகுத் தலையணையை வண்டியிலிருந்து மாடிக்கு எடுத்து வந்தது விபத்து நடந்த அன்று காலையிலா, முந்தின நாள் சாயங்காலமா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இதோடு இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நான் மறைக்கவில்லை ஐயா. வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகுத் தலையணை என்பது செருப்பு மாதிரி. எப்போது கழற்றினோம், எங்கே விட்டோம் என்று யார் கவனித்துக்கொண்டிருப்பார்கள்? மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதுவும் நடுவில் எங்காவது அகப்படலாம்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் அறிக்கையில் என்னை, 'கடன் நெருக்கடியால் வாகனத்தின் பழுதைக் கவனியாமல் விட்டவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எனக்கு நெருக்கடி எதுவும் இல்லை. பிரேக்கைச் சரிசெய்யப் பணம் வங்கியில் இருந்தது. அதைப்போலப் பல மடங்கு இருந்தது. இதைச் சொல்லத்தான் இன்று, கூப்பிடாமலே வந்தேன்.

என் தொழில் சலவை. மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் நாங்கள்தான். காலையில் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கை ஏற்றிக்கொண்டு வருவேன். ஏறும்போது வண்டி லேசாக இருக்கும். ஈரமும் கறையுமாக இறங்கும்போதுதான் கனம். கீழே கொட்டகை, மேலே வீடு. மனைவி துணி மடிப்பாள். அவள் தம்பி இஸ்திரி போடுவான். அவன் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள் என்று ஒரு வாரம் தங்கிப்போக வந்தவன். அந்த வாரம் கடைசிவரை முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நல்ல வேலைக்காரன். அவன் போட்ட மடிப்பு கலையாது. வாய்தான் ஓயாது.

கடன் சின்னக் கடன். சலவை இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோனபோது கிரெடிட் கார்டைத் தேய்த்து வேறு வாங்கினேன். கையில் வந்ததையெல்லாம் கார்டில் கட்டினேன். கட்டி முடிக்கிற நேரத்தில் டயர் வெடிக்கும். கை வெறுமையாக இருப்பதால் மறுபடி கார்டு. துடைக்கத் துடைக்க ஊறுகிற சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி. ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கடனை மட்டும் அடைக்கிறவன் மறுபடி கடனாளி ஆவான். அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டேன். மாதம் பில் பணம் வந்ததும் ஒரு பங்கு கார்டுக்கு, அதே அளவு பங்கு சேமிப்புக்கு, மிச்சம் வீட்டுக்கு. சேமிப்பை எதற்கும் தொடக் கூடாது. இதில் என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள். புத்திசாலிகள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் செய்வதில்லை. நான் செய்தேன்.

மைத்துனனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஓட்டை வாளியில தண்ணி புடிச்சு, அதுக்கு மூடி வேற போடுறீங்க மாமா" என்றான் ஒரு நாள், சாப்பிடும்போது. "கார்டுக்காரன் வாங்குற வட்டி எங்க, பேங்க்காரன் தர்ற வட்டி எங்க?"

"எனக்கும் கணக்குத் தெரியும் மாப்ள."

"தெரிஞ்சே செய்றதுக்கு என்ன பேரு?"

"கட்டுப்பாடு."

"ஓ. நான் வேற பேரு நெனச்சேன்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் பணம் இரண்டு நாள் தாமதமானபோது கார்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். அவன்தான் எடுத்தான். அன்றிலிருந்து சோறு கேட்பதாக இருந்தாலும் அந்தக் குரலில்தான் கேட்பான். தட்டை நீட்டி, "வணக்கம் சார், குறைந்தபட்சத் தொகை இன்னும் வந்து சேரலையே சார்" என்பான். அதற்கும் சிரித்தேன். நான் அவன்மேல் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பிறகு அவர்கள் பணத்தைத் தொட்டார்கள்.

அப்போது கணக்கு என் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருந்தது. நான் விடுதிக்குப் போயிருந்த ஒரு மதியம் அக்காவும் தம்பியும் வங்கிக்குப் போய்ச் சேமிப்பை எடுத்து, கார்டு பாக்கி முழுவதையும் ஒரே அடியாகக் கட்டிவிட்டார்கள். நான் வந்ததும் வாசலிலேயே போனை நீட்டினாள். "பாருங்க, சல்லிக்காசு பாக்கி இல்ல. இனி யாரும் போன் பண்ண மாட்டாங்க." இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் கார்டிலிருந்து அதே தொகையை ரொக்கமாக எடுத்து, என் பெயரில் மட்டும் புதுக் கணக்குத் தொடங்கி அதில் போட்டேன்.

ஆமாம், வட்டியோடு கூடுதல் கட்டணமும் பிடித்தார்கள். நீங்கள் பார்க்கிற மாதிரிதான் அவனும் பார்த்தான், ஒரு மாதம் கழித்துத் தெரிந்தபோது. கேலி செய்யவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, மாமாவுக்கு ஏதோ சரியில்ல. யாருகிட்டயாவது காட்டலாம்" என்று மெதுவாகச் சொன்னான். நான் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். கேலியை எல்லாம் நான் மன்னித்திருந்தேன். இரக்கம் வேறு.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே முறை. இந்தத் தடவை ஒரு மாதமும் பிசகவில்லை. இன்னும் ஒரே ஒரு தவணை கட்டினால் கார்டில் பூஜ்யம், சேமிப்பில் பழைய கடனைப்போல இரண்டு மடங்கு. அந்த நிலையில்தான் பிரேக் கெட்டது.

மெக்கானிக் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நீங்கள் அவர் மேல் பழி போட்டது தவறு. "அண்ணே, மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுது. பிரேக் ஆயில் நிக்க மாட்டேங்குது. இப்பவே மாத்திடுவோம்."

"அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன்.

"பிரேக்குக்கு அடுத்த மாசமெல்லாம் தெரியாதுண்ணே."

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எந்த வண்டியும் ஓட்டுகிறவனுக்குப் பழகிக்கொடுக்கும். தினமும் காலையில் நானே கீழே போய்ப் பிரேக் எண்ணெய் ஊற்றினேன். மேட்டிலிருந்து முதல் கியரில் இறங்கினேன். மிதியை மூன்று தடவை விட்டு விட்டு லேசாக அமுக்கி, நாலாவதை ஆழமாக மிதித்தால் வண்டி நின்றது. மூன்று வாரம் அப்படி ஓட்டினேன், ஒரு கீறல் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சேமிப்பைத் தொடு என்பார்கள். ஒரு தடவை தொட்ட பணம் பிறகு பணமாகவே இருக்காது ஐயா, சில்லறை ஆகிவிடும்.

விபத்துக்கு முந்தின நாள் இருட்டுவதற்கு முன்னேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். மைத்துனன் சொன்னான்: "மாமா, கடைத்தெருவில மெக்கானிக்கைப் பார்த்தேன். வண்டியை உடனே வந்து விடச் சொன்னாரு. என்ன வேலைன்னு கேக்கறதுக்குள்ள அவருக்குப் போன் வந்துடுச்சு. நாளைக்கு நேர்ல போய்க் கேட்டுடறேன்."

"செலவு இருந்தா அந்தப் பணத்துல எடுத்துக்கலாம்ல?" என்றாள் மனைவி. என்னைக் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா கையெழுத்து போடலைன்னா, கையைப் புடிச்சு நான் போட வைக்கிறேன்க்கா" என்று சொல்லி, நிஜமாகவே என் மணிக்கட்டைப் பிடித்துக் காற்றில் ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டினான். அவள் சிரித்தாள். என் விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அவன் விட்டான். பிறகு கை கழுவிவிட்டு, வண்டியைப் பூட்டக் கீழே போனேன்.

மறுநாள் எழுந்திருக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. படுக்கையிலிருந்தே மனைவியிடம் சொன்னேன். "அப்போ தம்பி போகட்டுமே" என்றது அவள்தான். நான் வற்புறுத்தவில்லை.

அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே அறை வாசலில் வந்து நின்றான். "வண்டி எப்படி மாமா? சொன்ன பேச்சு கேக்குமா?"

"கேக்கும்" என்றேன். அது பொய்யில்லை. என் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"போற வழியில மெக்கானிக்கைப் பார்த்துட்டுப் போறேன்."

"இந்நேரம் கடை திறந்திருக்க மாட்டாரு. முதல்ல ஆஸ்பத்திரி. கோட்டு இல்லாம டாக்டருங்க நிப்பாங்க. இறங்கி வரும்போது பாரு."

"சரி மாமா. வெந்நீர் ஒத்தடம் குடுங்க, அப்படியே சும்மா படுத்துக் கெடக்காதீங்க" என்றான். என்மேல் அவனுக்குப் பிரியம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அன்று எண்ணெய் ஊற்றவில்லை. முதுகு வலியோடு படி இறங்க முடியாதே. புட்டி இஸ்திரி மேசைக்கு அடியில்தான் இருந்தது. அது எதற்கென்று அவனுக்குத் தெரியாது. ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. கொஞ்சம் மிதி தாழும், அவ்வளவுதான். ஈர மூட்டைகளோடு இறங்கும்போது, இரண்டாவது வளைவில் அவனுக்கு விளங்கியிருக்கும். வண்டி தண்ணீர்த் தொட்டிச் சுவரில் போய் நின்றது. மெக்கானிக் கடை அடுத்த வளைவில். வண்டியைச் சோதித்த அதிகாரி சொன்னார், மிதி அடிவரை ஒரே அழுத்தாக அழுத்தியபடி இருந்ததாம். விட்டு விட்டு அழுத்தியிருக்க வேண்டும். பதறுகிறவனுக்கு அது தோன்றாது. அவனுக்கு எப்போதுமே எல்லாவற்றையும் ஒரே அடியாக முடித்துவிட வேண்டும். கடனையும் அப்படித்தான் கட்டினான்.

நீங்கள் இப்படிப் பேசாமல் இருப்பது எனக்குச் சிரமம் இல்லை. நான் பேசாமல் இருந்தே பழகியவன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாரும் சேர்ந்து ஒருவனிடம், நீ சேர்த்ததைத் தொடு, தொடு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் என்ன செய்வான்? நாளைக்கே என்னை வெளியே விட்டாலும் இதே முறைதான். ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு.

மைத்துனன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டான். அவன் மேல் போர்த்தியிருந்த விரிப்பு எங்கள் கொட்டகையில் வெளுத்தது. அவன் அழுத்திய மடிப்புக்கோடு நெஞ்சுக்கு நடுவில் கலையாமல் இருந்தது. மெக்கானிக்கை நீங்கள் பிடித்து வைத்திருந்தீர்கள். வெளியே வந்தபோது அவர் கடை போய்விட்டது. இப்போது வேறொருவரிடம் கூலிக்கு இருக்கிறார். ஆஸ்பத்திரி வேலை வேறு சலவைக்காரருக்குப் போயிற்று. தம்பியை அடக்கம் செய்ய மனைவி என்னிடம் பணம் கேட்டாள். முறையைச் சொன்னேன். வளையல்களை விற்றுச் செய்தாள். பிறகு அவள் தன் பெரிய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், என்னோடு பேசுவதில்லை. கடைசித் தவணையைக் கெடு தேதிக்கு முன்பே கட்டினேன். கார்டில் பூஜ்யம். சேமிப்பு முழுசாக இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை.

தலையணை வீட்டில்தான் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில். அன்று காலை நான் படி இறங்கவில்லை என்று இப்போதுதான் என் வாயாலேயே சொன்னேன். அப்படியானால் எடுத்து வந்தது முந்தின நாள் சாயங்காலம், வண்டியைப் பூட்டப் போனபோது. முதுகு பிடித்தது மறுநாள் காலையில். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடன் என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.