அத்தானுக்கு வைத்த கொள்ளி

எனக்கு நித்திரை குறைவு, ஐயா. குளிசை போட்டாலும் காளிகோயில் மணிக்கு எழும்பிவிடுவேன்.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் அத்தான் குலசிங்கம் போன கிழமை இறந்தார். அக்கா முன்னமே போய்விட்டாள். இருந்தது ஒரே பிள்ளை, துவாரகன். கொழும்புக்குப் போய், வைத்தியர்களிடம் சான்றிதழ் எடுத்து, அடையாள அட்டையிலும் பெண்ணாகி, சோபனா என்று பெயர் வைத்துக்கொண்டான். சட்டம் ஒப்புக்கொள்ளலாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி முகப்புத்தகத்தில் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். ஆத்திரப்பட்டு எழுதியதில்லை.

செத்தவீட்டுக்குச் சேலையோடு வந்து இறங்கினான்.

"மாமா, அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைப்பன். மகளா வைப்பன்" என்றான்.

எங்கள் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள், சுடலைக்கு வருவதில்லை. மகனைப் பெற்றும் மகன் கையால் கொள்ளி இல்லையென்றால் அத்தானின் ஆன்மா அலையாதா? பாவம், அந்த மனுசனுக்காக வேறு யார் யோசிப்பார்கள்?

சண்டை பிடிப்பது என் சுபாவமல்ல. என் நித்திரைக் குளிசைகளைக் கோப்பியில் கரைத்துக் கொடுத்தேன். "நீங்களாவது என்னோட கதைக்கிறீங்கள் மாமா" என்று சொல்லிவிட்டுக் குடித்தான். கண் செருகியதும் கதவைச் சாத்தி, இடுப்புவரை வளர்ந்திருந்த தலைமயிரை நானே மழித்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. சேலையை உருவி வேட்டி கட்டிவிட்டேன்.

பாதி விழித்தபோது தலையைத் தடவிப் பார்த்தான். மொட்டையை மூடச் சேலைத் தலைப்பைத் தேடினான், கையில் வேட்டிதான் அகப்பட்டது. நானும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்து நடத்தினோம். துக்கத்தில் தள்ளாடுகிறான் என்று சனம் இரங்கியது. சுடலையில் அவன் கையை என் கைக்குள் பிடித்துக் கொள்ளியை வைத்தேன். யாரோ எடுத்த வீடியோ 'திருந்தி வந்த மகன்' என்று நாடு முழுக்க ஓடுகிறது. அவன் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். ஒருவரோடும் கதையில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்னும் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாள் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தவராசா, என்ர மகள் வருவாள். சேலையோடயே அவள் கொள்ளி வைக்கட்டும். ஒருத்தரும் தடுக்காமப் பாத்துக்கொள்."

நான் ஓம் என்றேன். சாகப்போகிற மனுசனின் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா.