கடற்கரை ஓட்டலில் செந்துறை மீனவர்

நான் ஐந்தாவதோடு நின்றவன்; கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அரியலூரிலிருந்து செந்துறை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் இளைஞன் தன் மாமாவிடம் சொன்னான்:

"கடற்கரை ஓட்டல்ல எனக்கு மீனவர் வேலை மாமா. ஊரு வாழ்க்கைய அப்படியே காட்டுற ஓட்டலாம். வெள்ளக்காரங்க முன்னாடி மணல்ல நின்னு வலை வீசணும்."

"நீயா? அந்த ஊரு மீனவங்கள்லாம் எங்கடா?"

"வலை நாறுதுன்னு அவங்கள அந்தாண்ட தள்ளிட்டாங்க. அதுல ஒருத்தருதான் எனக்கு வீசக் கத்துக்குடுத்தாரு."

"அப்பறம் ஏன் ஓடியாந்த?"

"ஒரு வெள்ளக்காரம்மா என்கூட கட்டுமரத்துல கடலுக்குள்ள வரணுமாம். திங்கக்கிழமைக்குள்ள நீச்சல் கத்துக்கணும். இல்லன்னா வேலை போயிரும், இல்ல உசுரு போயிரும். நம்ம கிணறு இருக்குல்ல?"

"இருக்கு மாப்ள. அடியில ஆடு மேயுது."

இதை எழுத இன்றைக்குத்தான் துணிந்தேன்: 9.5.2003.