தட்டில் விரித்த அத்தியாயங்கள்

அன்று காலை என் கணவர் வஜீஹ் அவித்த மொச்சையில் எலுமிச்சை பிழிந்துகொண்டே, "ஏ இன்ஷிராஹ், இந்த ஆடு யாருடி?" என்று கேட்டார். "வேலை கிடக்கு, சாயங்காலம் சொல்றேன்" என்றேன். மதியத் தூக்கத்திலேயே இறந்துபோய்விட்டார்.

ஆடு தஹ்ரூஜின் நாவலில் வருவது. தஹ்ரூஜைப் போல விளங்காத எழுத்தாளர் அலெக்சாந்திரியாவிலேயே இல்லை என்பார் வஜீஹ். ஒரு பக்கத்தில் கல்யாணம் நடக்கும். அடுத்த பக்கத்தில் மாப்பிள்ளையைக் காணோம், ஓர் ஆடு டிராமில் ஏறிக்கொண்டிருக்கும்.

நான் கெட்டவள் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு எங்கள் தெருப் பெண்கள் கஃக் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி, ரொட்டிக்கடை அடுப்பில் சுடக் கொண்டுபோவோம். தட்டில் விரிக்கக் காகிதம் வேண்டும். கல்யாணமான முதல் வருஷம் கைக்குக் கிடைத்தது, அவர் வாங்கிவந்து இன்னும் திறக்காத தஹ்ரூஜின் நாவல். நடுவில் இரண்டு அத்தியாயம் எடுத்தேன். சுத்தமாகத்தான் எடுத்தேன்.

அதுவரை வஜீஹ் பேசாத மனிதர். படிப்பார், மூடுவார், தூங்குவார். அந்த நாவலைப் படித்த அன்று முதன்முறையாகச் சமையலறைக்கு வந்தார்.

"தோட்டக்காரன் செத்துட்டானே, அப்புறம் எப்படிடி கல்யாணத்துல மேளம் அடிக்கிறான்?"

"ஆவியா இருக்கும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெண்டைக்காய் தீயும்வரை பேசினார்.

அதன்பிறகு தஹ்ரூஜின் ஒவ்வொரு நாவலிலும் காகிதம் எடுத்தேன். பக்க எண் தாவுவதையும் வஜீஹ் எழுத்தாளரின் உத்தி என்றே பாராட்டினார். பெருநாள் இல்லாத மாதங்களிலும் சில சமயம் பிஸ்கட் சுட்டேன்.

ஒருமுறை காப்பிக்கடையில் அவருடைய நண்பர் பயூமி, "எனக்கு எல்லாம் புரியுதேப்பா" என்றாராம்.

"உனக்குப் படிக்கவே தெரியலடா, கழுத!" என்று திட்டிவிட்டு வந்தவர், ஒரு மாதம் பயூமியோடு பேசவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பயூமி வீட்டுக்கு ஒரு தட்டு கஃக் அனுப்பினேன்.

நாற்பதாம் நாள் துக்கத்துக்கு வந்த பயூமியிடம், ஆடு வரும் அந்தக் கடைசி நாவலின் அவருடைய பிரதியை வாங்கிப் படித்தேன். ஆடு எதிர்வீட்டுக்காரருடையது. கயிறு அறுந்து ஓடிவந்துவிட்டது. மாப்பிள்ளை அதைத் தேடப் போயிருக்கிறார். தஹ்ரூஜிடம் விளங்காதது ஒன்றுமே இல்லை. பாதியில் தூங்கிவிட்டேன்.

பெருநாளன்று கல்லறைக்குப் போனேன். கஃக் பகிர்ந்து கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா. "மாப்பிள்ளைதாங்க அந்த ஆடு" என்றேன்.

நான் செய்தது இவ்வளவுதான். தட்டுக்குக் காகிதம் எடுத்தேன், வேறு எண்ணம் இல்லை.

அந்தக் கஃக்கைச் சுடக் கொண்டுபோனபோதும் ரொட்டிக்கடை ஸுப்ஹி, வருஷா வருஷம் சொல்வதையே சொன்னார்: "இவ்வளவு நெய் போட்டா ஒட்டவே ஒட்டாது ஹாஜ்ஜா. இதுக்கு எதுக்குக் காகிதம்?"